புதன்கிழமை வரச் சொன்ன கார்

திருத்தணிக்குப் புதன்கிழமை வாருங்கள் என்றார்கள். அதனாலேயே நான் திங்கட்கிழமை போனேன்.

இது தொழில் புத்தி. சிங்கப்பூரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக அடிபட்ட கார்களைப் பரிசோதிப்பது என் வேலையாக இருந்தது. கார் எப்படி அடிபட்டது என்று சொந்தக்காரர் ஒரு கதை சொல்வார். கார் வேறொரு கதை சொல்லும். இரண்டுக்கும் நடுவில் உள்ள பொய்யைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். "ரெண்டு நாள் கழிச்சு வாங்களேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த இரண்டு நாளில் ஏதோ ஒன்று துடைக்கப்படப் போகிறது அல்லது பூசப்படப் போகிறது என்று அர்த்தம்.

வேலையை விட்டுச் சென்னைக்கே திரும்பிவிடுவது என்று முடிவானபோது எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. ஒரு காலத்தில் பம்பாயில் டாக்ஸியாகவும் சென்னையில் டாக்டர் வீட்டுக் காராகவும் ஓடிய அந்தப் பழைய, பெட்டி மாதிரியான சின்னக் கார் ஒன்று வேண்டும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் இருக்கும் ரகம். இப்போதைய கார்கள் தாமாகவே ஓடுகின்றன. நாம் உள்ளே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறோம். அந்தக் காரை ஓட்டுவது ஒரு வேலை. அந்த வேலையில்தான் சுகம்.

என் மனைவிக்கு கார் என்றால் ஏசி வேலை செய்தால் போதும். மகளுக்கு அது நிறுத்த இடம் தேடும் தொல்லை. நான் கார் ரேஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சமையலறையில் வேலை வந்துவிடும். ஆகவே எத்தனையோ வருடங்களாக நான் தனியாகவே ரேஸ் பார்த்து, தனியாகவே கத்தி, தனியாகவே டிவியை அணைத்திருக்கிறேன். அதைப் பெரிய குறையாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

விளம்பரத்தில் கிடைத்தவர் தேவசகாயம். திருத்தணியில் மோட்டார் உதிரி பாகக் கடை வைத்திருந்து, மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருப்பவர். முழங்கால் ஆபரேஷன் ஆனதால் கிளட்சை மிதிக்க முடியாமல் காரைக் கொடுக்கிறார். போனிலேயே விலை முடிந்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை சொன்னார்.

"காசு பேசியாச்சு, அது வேற சார். நாங்க மூணு பேர் சேந்து அந்த வண்டிய வெச்சிகினு கீறோம். மாசத்துல ஒரு நாள் விடிகாலைல ஆந்திரா பக்கம் மலை ரோட்ல மாத்தி மாத்தி ஓட்டுவோம். வாங்கறவரும் அதுல சேந்துக்கணும். உங்கள நேர்ல பாத்து மூணு பேருக்கும் புடிச்சாத்தான் சாவி."

இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்துப்போனதே ஒரு எச்சரிக்கை என்றும் மனம் சொன்னது. அப்புறம் பேச்சோடு பேச்சாக, ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தெருக்களில் நடக்கும் ராத்திரி ரேஸுக்கு நேரிலேயே போகப் போகிறேன், முடிந்ததும் விமானம், திங்கட்கிழமை உங்கள் ஊரில் இருப்பேன் என்றேன்.

"நேர்லயே பாக்கப் போறீங்களா?" என்றார். குரலில் பொறாமை இருக்கும் என்று பார்த்தேன், பயம்தான் இருந்தது. "அப்டீன்னா புதன்கிழமை வாங்க சார். அதான் நல்லது."

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? திங்கட்கிழமை மதியம், முதுகில் பையும் தலையில் ரேஸில் வாங்கிய நீலத் தொப்பியுமாக, சென்னையிலிருந்து வந்த மின்சார ரயிலை விட்டு இறங்கினேன்.

சிங்கப்பூர் ரயிலில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இந்த ரயிலில் அரக்கோணம் தாண்டுவதற்குள், எதிர் சீட்டுப் பூக்காரம்மாவுக்கு என் சம்பளம் தவிர மற்றதெல்லாம் தெரிந்துவிட்டது. வேர்க்கடலை கொடுத்தார். நான் தோலை ஊதி, ஒவ்வொன்றாகப் பார்த்துத் தின்றதைக் கண்டு, "இன்னாபா, கடலைய சந்தேகமாப் பாக்கற?" என்றார். அன்று முழுவதும் என்னிடம் ஒளிக்காமல் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

தேவசகாயத்தின் வீடு சர்ச்சுக்குப் பின்தெருவில் இருந்தது. வாசலில் நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடியில் மஞ்சள் துணிக்கீற்று ஒன்று கட்டியிருந்தது. கோயில் ஊர், ஏதாவது வேண்டுதலாக இருக்கும் என்று நினைத்தேன். கிறிஸ்தவர் வீட்டு ஸ்கூட்டரில் என்ன வேண்டுதல் என்று அடுத்தபடியாக நினைத்தேன்.

கைத்தடியோடு வந்து கதவைத் திறந்த தேவசகாயம் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொப்பியைப் பார்த்தார். உடனே கண்ணை வேறு பக்கம் திருப்பினார். "நாளன்னிக்கில்ல வர்றதா இருந்தது" என்றார். விமானம் கிடைத்தது, வந்துவிட்டேன் என்று சமாளித்து, இறுக்கத்தைத் தளர்த்துவதற்காக, "நேத்து ரேஸ் இருக்கே சார்..." என்று ஆரம்பித்தேன். அவர் மாத்திரை போட வேண்டும் என்று உள்ளே போனார். முழங்கால் ஆபரேஷன் ஆனவர் அவ்வளவு வேகமாக நடந்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அறைக்கதவு சாத்திக்கொண்டது. திறக்கவில்லை.

அவர் மனைவி சுகிர்தம் சாப்பாடு போட்டார். கேழ்வரகுக் களி, புளிச்சகீரைக் கடைசல், கருவாட்டுக் குழம்பு. ஆந்திரா எல்லை அந்தக் குழம்பில் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. சிங்கப்பூரில் இதற்குப் பெயர் வைத்து, படம் போட்டு, கொஞ்சூண்டு தட்டில் வைப்பார்கள். இங்கே களி உருண்டை இலையில் விழுந்த சத்தத்திலேயே வயிறு நிறைந்தது.

நான் சாப்பிடச் சாப்பிட அவர் கேள்வி கேட்டார். ரேஸ் எப்படி, எங்கே உட்கார்ந்தேன், மழை பெய்ததா, தொப்பி எப்போது வாங்கினேன். ரேஸ் பேச்சை ஒரு பெண் தானாகக் கேட்டது என் வாழ்க்கையில் முதல் தடவை. நானும் உற்சாகமாகச் சொன்னேன். ரேஸ் முடிந்து வெளியே வரும்போது நல்ல மழை, தலை நனையாமல் இருக்க வேண்டும், அதோடு ஜெயித்தவன் தொப்பிக்கு ஒரே அடிதடி, நானும் புகுந்து ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தேன் என்றேன். உள்ளே அறையில் திடீரென்று ரேடியோ அலறியது. சுகிர்தம் அசையவில்லை.

"அவரு தூங்கறாருங்க" என்றார்.

அவ்வளவு சத்தமான ரேடியோவில் யார் தூங்குவார்கள்? கார் எங்கே என்றேன். அம்மையார்குப்பத்தில் கூட்டாளி தணிகைவேலின் தறிக்கூடத்தை ஒட்டிய கொட்டகையில் நிற்கிறதாம். நாளை மதியத்துக்கு மேல் எல்லோரும் சேர்ந்து காட்டுவார்களாம். நான் இப்போதே போய்ப் பார்க்கிறேன் என்று எழுந்தேன். அவர் என் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தொப்பியக் கழட்டிப் பையில வெச்சிக்கோங்க அண்ணா. வெளிய வெயிலு."

வெயிலுக்குத் தொப்பியைக் கழற்றச் சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன். இந்த வீட்டில் மூளை இந்த அம்மாதான், மற்றவர்கள் சும்மா கைகால் என்று முடிவு செய்தேன். தொப்பியை இன்னும் அழுத்தமாகப் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

அந்தப் பேருந்துப் பயணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் ஓரம் இருந்த சீட்டைப் பிடித்தேன். கார் பைத்தியங்களுக்கு அதுதான் ராஜா சீட்டு. டிரைவர் நடுத்தர வயசு, ஒல்லி. கியர் மாற்றும்போது கிளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மாற்றினார். வளைவில்கூட, பேருந்துக்குள் நின்றுகொண்டிருந்த ஒரு கிழவி கம்பியைப் பிடிக்காமலே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஓட்டுகிறவரிடம் பேசாமல் வருவது பாவம் என்று தோன்றியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் தொப்பியைப் பார்த்துவிட்டு, உள்கண்ணாடியை வேறு பக்கம் திருப்பினார். அந்தக் கண்ணாடியிலும் ஒரு மஞ்சள் கீற்று.

அப்போது சிங்கப்பூரிலிருந்து பழைய சகாவின் போன். நேற்றைய ரேஸைப் பற்றித்தான். "ஆமா, கடைசி ரவுண்டுல அந்த..." என்று நான் சொன்னதுதான் தாமதம், டிரைவர் ஹார்னில் கை வைத்தார். ரோட்டில் ஆடு இல்லை, மாடு இல்லை, மனிதர் இல்லை. நான் பேசினால் ஹார்ன். நிறுத்தினால் நின்றது. மறுபடி பேசினேன், மறுபடி அடித்தார். பின்சீட்டில் தூங்கிய குழந்தை எழுந்து அழுதது. ஆர்.கே.பேட்டை வரைக்கும் இதே கூத்து. கடைசியில் கண்டக்டர் வந்து குனிந்தார்.

"சார், பின்னாடி சீட்டு காலியா கீது. அங்க குந்திகினு பேசிக்கங்களேன்."

அவமானமாக இருந்தது. பின்னால் போய் உட்கார்ந்தேன். நான் எந்தக் காருக்கு வந்திருக்கிறேன் என்று ஊர் முழுக்கச் செய்தி போயிருக்கிறது, எல்லோரும் கூட்டு என்ற எண்ணம் அங்கேதான் வேர் விட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் பேயே ஹார்ன் அடித்தால் என்ன செய்வது?

அம்மையார்குப்பத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். தணிகைவேல் வெளியே வந்தார். நாற்பதைத் தாண்டியவர், சட்டையெல்லாம் பஞ்சுத் தூசி. மரியாதையாக வணக்கம் சொன்னார், சோடா வரவழைத்தார். "நேத்து ராத்திரி சிங்கப்பூர்ல..." என்று நான் எடுத்ததும் "நூல் அறுந்துடுச்சு சார்" என்று தறிக்கூடத்துக்குள் போய்விட்டார். உள்ளே விசைத்தறிகள் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினால்கூடக் கேட்காது. அவர் அங்கேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வெளியே நின்று சோடாவைக் குடித்தேன்.

கொட்டகை பூட்டியிருந்தது. சாவி நாளைக்குத்தான் என்று ஓர் ஆள் வந்து சொன்னார். ஷட்டர் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உறை போட்ட கார் தெரிந்தது. அதன் கீழே சிமெண்ட் தரை ஈரமாக இருந்தது. அன்று காலையில்தான் யாரோ நன்றாகக் கழுவிவிட்டிருக்கிறார்கள்.

போதும். எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளத்தில் நின்ற கார். சென்னையில் மழைக்கு மூழ்கும் கார்கள் இப்படித்தான் வெளியூர்களுக்கு வந்து, கழுவிக் காயவைத்து, வாசனை அடித்து, ஏமாந்தவன் தலையில் கட்டப்படும். புதன்கிழமை என்றது அது காய்வதற்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்கள். திருத்தணி விடுதி அறைக்குத் திரும்பி, நாளைக்கு முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு முதல் ரயிலில் போய்விடுவது என்று படுத்தேன். கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகமாக இருந்தது. மாதம் ஒரு நாள், விடிகாலை, மலை ரோடு, மாற்றி மாற்றி ஓட்டும் மூன்று பேர். அந்த வாக்கியத்தை நான் சிங்கப்பூரிலிருந்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு முருகனைப் பார்க்காமல் போனால் வீட்டில் சண்டை வரும் என்று, ஷேர் ஆட்டோவில் மலை ஏறினேன். கூட்டம் நெரிந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள், காவடி, தெலுங்கும் தமிழும் கலந்த சத்தம். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் புதுக் கார்களும் டிராக்டர்களும் மாலை போட்டுக்கொண்டு பூசைக்கு நின்றன. அந்த வரிசையின் கடைசியில், வெளிர் மஞ்சள் நிறத்தில், பெட்டி மாதிரி ஒரு சின்னக் கார்.

என் கார். மாலையோடு. கண்ணாடியில் மஞ்சள் கீற்றோடு. நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம். பக்கத்தில் தணிகைவேல், புது வேட்டியில்.

பூசை போடுவது யாருக்கு? வண்டி கைமாறும்போதுதான் போடுவார்கள். அப்படியானால் வேறொரு ஆளுக்குக் கொடுக்கப்போகிறார்கள், நான் வருவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறார்கள். நேராகப் போய், யாருக்கு இந்தக் கார், என்னிடம் ஏன் ஒளிக்கிறீர்கள், வெள்ளத்தில் நின்றதா இல்லையா என்று அடுக்கினேன். தணிகைவேல் என் தொப்பியைப் பார்த்து, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார். பூசாரி கற்பூரத் தட்டோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், ரேஸப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்னு இந்த முருகன் மேல ஆணையாச் சொல்லுங்க" என்றார் தணிகைவேல். "அப்பறம் எல்லாத்தயும் சொல்றேன்."

ரேஸா? ரேஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் சத்தியம் செய்தேன். அவர் விரலை எடுத்தார். பிறகு சொன்னது இதுதான்.

அவர்கள் மூன்று பேரில் மூன்றாமவர் முனிரத்தினம், தணிகைவேலின் மனைவிக்கு அண்ணன், பேருந்து டிரைவர். நேற்று ஹார்ன் அடித்தவரேதான். ஞாயிறும் திங்களும் கோயில் கூட்டத்துக்காக அவருக்கு வண்டியை விட்டு இறங்க முடியாது. ஒரு தடவை மற்ற இரண்டு பேரும் அவரை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையே ரேஸ் பார்த்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவர் ஆசையோடு வந்து உட்கார்ந்தபோது இவர்கள் முகத்திலேயே முடிவைப் படித்துவிட்டு, டிவியை அணைத்துவிட்டுப் போனவர், பல மாதம் பேசவில்லை. அன்றிலிருந்து கட்டுப்பாடு. ரேஸ் வாரத்தில் சனிக்கிழமையே தறியில் அறுத்த மஞ்சள் துணிக்கரையை வண்டியில் கட்டிவிடுவார்கள். காவடிக்குக் காப்புக் கட்டுவதுபோல. செவ்வாய் மதியம் மூன்று பேரும் சேர்ந்து பார்க்கும்வரை போனில் எந்தக் குழுவும் திறக்கக்கூடாது, பேப்பரில் விளையாட்டுப் பக்கம் கூடாது, விஷயம் தெரிந்தவர் எதிரில் உட்காரக்கூடாது.

"அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா கெட்டுப்போயிடும் சார். ஒருத்தர்கிட்ட அப்டித்தான் சொன்னோம். 'நான் சொல்ல மாட்டேன்ப்பா, ஆனா கடைசி வரைக்கும் எழுந்து போயிடாத' அப்டீன்னுட்டாரு. அதுக்கு மேல இன்னா கீது?"

நானே அப்படி ஒரு வார்த்தையைத்தான் சொல்லியிருப்பேன்.

நேற்று கழுவியது இந்தப் பூசைக்காக. கார் புது ஆளிடம் போகுமுன் தணிகை மலைக்கு ஒரு தடவை வர வேண்டும் என்பது தணிகைவேலின் விருப்பம். சுகிர்தம் ஏற்கனவே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபம் செய்துவிட்டாராம். நான் தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தேன். பழைய ரப்பர் வாசனை மட்டும்தான். கதவு இடுக்குகளில் விரல் விட்டுப் பார்த்தேன். சேறும் இல்லை, துருவும் இல்லை. தொழில் புத்தி சும்மா விடுமா? தணிகைவேல் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எங்களுக்கு உங்கள புடிச்சுகீது சார். மச்சானுக்குத்தான்... அவரு வேணாம்னுட்டாரு. பஸ்ல கடைசி ரவுண்டுன்னு ஒரு வார்த்த காதுல விழுந்துடுச்சாம். தொப்பி வேற. அத்த ஜெயிச்ச வண்டிக்காரன் தொப்பின்னு நெனச்சிகினு ராத்திரி தூங்கல. இன்னிக்கு ரேஸ் கெட்டா சாவி இல்லைன்னு தேவசகாயம் அண்ணன்கிட்ட சொல்லிட்டாரு."

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. காரைத் தணிகைவேல்தான் ஓட்டினார். நான் பக்கத்தில், தொப்பியைப் பைக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டு, மலை இறங்கினேன். வளைவுகளில் அந்த இன்ஜின் முனகியதைக் கேட்டபோது, இதை இழந்தால் தாங்காது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. காரை மட்டும் அல்ல. செவ்வாய்க்கிழமைக்காகக் காதைப் பொத்திக்கொண்டு திரியும் ஆட்கள் உலகத்தில் வேறு எங்கே கிடைப்பார்கள்?

மதியம். தேவசகாயத்தின் கூடத்தில் பிரம்பு நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலிகள், மூடிய ஜன்னல். முனிரத்தினம் காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். கிளம்பிவிடட்டுமா என்று நான் தேவசகாயத்திடம் மெல்லக் கேட்டேன். வந்த விருந்தாளியை வெளியே அனுப்பிவிட்டுப் பார்க்கும் ரேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டிவியைப் போடுவதில் ஒரு முறை இருந்தது. ரேஸ் இருக்கும் செயலியைத் திறந்ததும் முதலில் வந்து நிற்பது ஜெயித்தவனின் படம்தான். ஆகவே மூன்று ஆண்களும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். நானும் திரும்பினேன், எனக்கு அவசியமில்லை என்றாலும். ரேஸில் எந்த அக்கறையும் இல்லாத சுகிர்தம் திரைக்கு முன்னால் நின்று, பொத்தானை அழுத்தி, தொடக்கத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். "ஆங், திரும்பலாம்" என்றார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. தயிர்ப் பாத்திரத்தை மூடிவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

கார்கள் வரிசையில் நின்றன. அப்போது முனிரத்தினம் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சார், அந்த நீலத் தொப்பி. ரேசுக்கு முன்னாடி வாங்கினதா, முடிஞ்சப்பறமா?"

தேவசகாயம் கைத்தடியைப் பிடித்துக்கொண்டார். டீத் தட்டோடு வாசற்படியில் நின்ற சுகிர்தத்தை நான் பார்த்தேன். மழையில் இழுத்துக்கொண்டு வந்தேன் என்று நேற்று அவரிடம்தான் வாய் கிழியச் சொல்லியிருந்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பொய் சொல்கிறவர்கள் எப்படி மாட்டுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. உடனே பதில் சொல்வார்கள். தேவைக்கு மேல் விவரம் சேர்ப்பார்கள். கேட்டவர் கண்ணை விடாமல் பார்ப்பார்கள். நான் அவசரப்படாமல், டிவியைப் பார்த்துக்கொண்டே, சலிப்பான குரலில் சொன்னேன்.

"சாயங்காலம் உள்ள போறப்பவே. வெயில் அடிச்சுது."

முனிரத்தினம் என்னையே பார்த்தார். பிறகு அவர் தோள் இறங்கியது. "அப்டியா" என்று முன்னால் திரும்பிக்கொண்டார். சுகிர்தம் டீயை ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டு, என் டம்ளரை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்திருந்து கொடுத்தார்.

ரேஸை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்ல வார்த்தை இல்லை. நேரில் பார்த்ததைவிடப் பயமாக இருந்தது. வெள்ளைக் கார் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அதுதான் ஜெயிக்கும் என்று மூன்று பேரும் முடிவுகட்டி, எந்த வளைவில் எந்த கியர் என்று வாதாடினார்கள். முனிரத்தினத்தின் வலது கால் தரையில் பிரேக் போட்டது. என்னையும் கேட்டார்கள். டயர் தாங்குமா என்று தெரியவில்லையே என்று மட்டும் சொன்னேன். அப்போதைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியதுதான் அது. மழை வந்தது. கடைசிச் சுற்று வந்தது. வெள்ளைக் கார் ஈரத்தில் தடுமாறியது. நீலக் கார் உள்பக்கமாகப் புகுந்து முந்தியது.

முனிரத்தினம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பாவா, பாத்தியா, உள்ள வுட்டான் பாரு, உள்ள வுட்டான்" என்று தங்கை கணவர் தணிகைவேலின் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் எழுந்து கத்தினேன். அது நடிப்பு இல்லை. தெரிந்த முடிவுதான், ஆனால் மூன்று பேரோடு சேர்ந்து கத்தியது அதுதான் முதல் தடவை.

"முன்னாடியே வாங்கினீங்களே, ராசியான தொப்பி சார்" என்றார் முனிரத்தினம் என் கையைப் பிடித்து. தேவசகாயம் மனைவியைப் பார்த்தார். அவர் தலையை அசைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து சாவி வந்தது.

அவர்கள் வரச் சொன்ன அதே புதன்கிழமை காலையில் நான் கிளம்பினேன். ஸ்டீயரிங் கியரை முதலில் தப்பாகப் போட்டு கார் ஒரு குதி குதித்தது. தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டார். முனிரத்தினம் டூட்டிக்குப் போய்விட்டிருந்தார்; அடுத்த மாதம் மலை ரோட்டில் எனக்கு கியர் பழக்கித் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சுகிர்தம் புளிச்சகீரைத் தொக்கு ஒரு பாட்டிலும், வழிக்கு எலுமிச்சம்பழச் சாதமும் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். அடுத்த ரேஸுக்கு என்று மஞ்சள் கரை ஒன்றைக் கண்ணாடியில் கட்டினார். கட்டிக்கொண்டே, கணவர் காதில் விழாமல் பேசினார்.

"இத்தினி வருசமா முடிவத் தெரிஞ்சிகினு தெரியாத மாதிரி இவங்களோட குந்திகினு இருந்தது நான் ஒருத்திதான் அண்ணா. நேத்து எனக்கும் தொணைக்கு ஆளு வந்துச்சு. அடுத்த தபா செவ்வாக்கெழமயே வந்துடுங்க."